ஒரு மணி நேர வேகம்

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையை ஒருமுறை சுற்றி வந்தால் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். விடியற்காலையில் அங்கே ஓடுகிறவர்களைச் சற்று நேரம் கவனித்தால் மூன்று விதமாகப் பிரித்துவிடலாம். அரட்டை அடித்துக்கொண்டே ஜோடி ஜோடியாக ஓடுகிறவர்கள் ஒரு வகை. நானூறு மீட்டர் பறந்துவிட்டு, இடுப்பில் கைவைத்துக் குனிந்து மூச்சு வாங்குபவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டுக்கும் நடுவில், யாரோடும் பேசாமல், பார்வையைச் சாலையில் நட்டு, ஒரே சீராக இரண்டு சுற்று முடித்துவிட்டு அலட்டிக்கொள்ளாமல் நிற்பவர்கள் சிலர் இருப்பார்கள். எண்ணிக்கையில் அவர்கள் குறைவு. கோயம்புத்தூர் மாரத்தானில் 21.1 கிலோமீட்டர் ஓடப் பெயர் கொடுத்தவர்கள் பார்த்துப் படிக்க வேண்டியது அவர்களைத்தான்.

அவர்கள் ஓடுவது டெம்போ ரன். திரெஷோல்டு ரன் என்றும் சொல்வார்கள். இருபது நிமிடம் இடைவிடாமல் ஓடினால் டெம்போ. அதே வேகத்தைத் துண்டுகளாக்கி, நடுநடுவே ஒரு நிமிடம் இளைப்பாறினால் குரூஸ் இன்டர்வல். இந்தப் பாகுபாட்டைப் பரவலாக்கியவர் அமெரிக்கப் பயிற்சியாளரும் உடலியங்கியல் ஆய்வாளருமான ஜாக் டேனியல்ஸ். 1998-ல் வெளிவந்த அவருடைய பயிற்சி நூல் இன்றும் மாரத்தான் ஓடுகிறவர்களின் கைகளில் புழங்குகிறது. அந்த வேகத்துக்கு அவர் தந்த அடையாளம் எளியது: நன்றாக ஓய்வெடுத்தபின், போட்டி நாளில், ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம்.

‘ஒரு மணி நேரம்’ என்ற அளவுதான் இங்கே முக்கியம். பத்து கிலோமீட்டரைச் சரியாக ஒரு மணி நேரத்தில் முடிக்கிற ஒருவருக்கு அவருடைய பத்து கிலோமீட்டர் போட்டி வேகமே திரெஷோல்டு வேகம். 50 நிமிடத்தில் முடிப்பவர் போட்டியில் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் ஓடுகிறார். டேனியல்ஸின் அட்டவணைப்படி அவருடைய திரெஷோல்டு 5 நிமிடம் 6 வினாடி. இனி இந்திய ஓட்டக்காரர் குல்வீர் சிங்கைப் பார்ப்போம். 2025 மார்ச்சில் அமெரிக்காவில் அவர் 10,000 மீட்டரை 27 நிமிடம் 00.22 வினாடியில் ஓடித் தேசியச் சாதனை படைத்தார். கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 42 வினாடி. அவருக்குப் போட்டி அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஆகவே அவருடைய ஒரு மணி நேர வேகம் அதைவிடத் தெளிவாகக் குறைவாகவே இருக்கும். ஒரே தூரம் ஒருவருக்கு வரம்பின் மேல் நிற்கிறது, இன்னொருவருக்கு வரம்பைத் தாண்டிப் போகிறது. “பத்து கிலோமீட்டர் வேகத்தில் டெம்போ ஓடுங்கள்” என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லப்படும் ஆலோசனை பலரைக் கெடுப்பது இதனால்தான்.

அது என்ன வரம்பு? கதை தவளையில் தொடங்குகிறது. 1907-ல் கேம்பிரிட்ஜில் வால்டர் ஃபிளெட்சரும் ஃபிரடெரிக் ஹாப்கின்ஸும் தவளைத் தசையைச் சோர்வடையும் வரை இயக்கி, அதில் லாக்டிக் அமிலம் சேர்வதைக் காட்டினார்கள். தசையின் வேதியியலையும் வெப்பத்தையும் ஆராய்ந்த ஆர்ச்சிபால்ட் ஹில், ஓட்டோ மேயர்ஹாஃப் இருவருக்கும் 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஹில் தானும் ஓடக்கூடியவர். ஓடும்போது தன் உடல் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறது என்பதை மூச்சுக்காற்றைப் பையில் பிடித்தே அளந்தவர். ஆக்சிஜன் போதாதபோது உடல் உண்டாக்கும் கழிவு லாக்டிக் அமிலம், அதுவே தசையை முடக்குகிறது என்ற எண்ணம் அந்தக் காலத்தில் வேரூன்றியது. ஜிம்மிலும் மைதானத்திலும் “லாக்டிக் ஆசிட் சேர்ந்து கால் பிடிச்சுக்கிச்சு” என்று இன்றைக்கும் கேட்கிறதே, அந்தப் பேச்சின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1980-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் புரூக்ஸ் இந்த எண்ணத்தைக் கவிழ்த்தார். உடலில் லாக்டிக் அமிலம் இருக்கும் வடிவமான லாக்டேட் கழிவு இல்லை, எரிபொருள் என்றார். ஒரு தசைநாரில் உண்டாகும் லாக்டேட் பக்கத்து நாருக்குப் போய் எரிகிறது. ரத்தத்தில் கலந்து இதயத்துக்குப் போகிறது. இதயம் அதை விருப்பமாக எடுத்துக்கொள்கிறது. கல்லீரல் அதைத் திரும்பவும் சர்க்கரையாக்குகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் ரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 1 மில்லிமோல் லாக்டேட் இருந்துகொண்டேதான் இருக்கும். கடும் ஓட்டத்துக்குப் பின் ஏறிய லாக்டேட் ஒரு மணி நேரம் போல ஆனால் பழைய நிலைக்கு இறங்கிவிடும். அப்படியிருக்க, மறுநாள் படியிறங்கும்போது தொடை வலிப்பதற்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த வலி தசைநார்களில் விழுந்த நுண்ணிய சிராய்ப்புகளின் வேலை.

நொய்யல் பாசனக் குளங்களை அறிந்தவர்களுக்கு மீதியை விளக்குவது சுலபம். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, மதகு வழியாகப் போகிறது. வருவதும் போவதும் சமமாக இருக்கும்வரை குளத்தின் மட்டம் ஏறுவதில்லை. வேகம் கூடக்கூடத் தசை உண்டாக்கும் லாக்டேட்டும் கூடுகிறது. உடல் அதை எரித்துத் தீர்ப்பதும் கூடுகிறது. ஒரு வேகம் வரை இரண்டும் ஈடுகொடுக்கும். அதற்கு மேல் போனால் வரவு செலவை மிஞ்சி, ரத்தத்தில் மட்டம் நிமிடத்துக்கு நிமிடம் ஏறும். கூடவே தசையில் அமிலத்தன்மையும் ஏறுகிறது, மூச்சு இரைக்கிறது, கால் கனக்கிறது. ஈடுகொடுக்கும் அந்தக் கடைசி வேகம்தான் திரெஷோல்டு.

இந்த வரம்பை முதலில் தேடியவர்கள் ஓட்டப் பயிற்சியாளர்கள் இல்லை, மருத்துவர்கள். 1964-ல் கார்ல்மன் வாஸர்மனும் மால்கம் மெக்கில்ராயும் இதய நோயாளிகளைச் சிரமப்படுத்தாமல் அவர்களின் தாங்குதிறனை அளக்க வழி தேடியபோது இது துலங்கியது. நோயாளியைக் களைத்து விழும் வரை ஓடவிட வேண்டாம், மூச்சின் போக்கு மாறும் இடத்தைப் பிடித்தால் போதும் என்பது அவர்களுடைய யோசனை. மைதானத்துக்கு அது வந்து சேரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. ஜெர்மனியின் அலோய்ஸ் மாடரும் உடன் ஆய்வாளர்களும் 1976-ல் வரம்பின் அளவாக 4 மில்லிமோல் என்ற எண்ணை முன்வைத்தார்கள். 1979-ல் பீட்டர் ஃபேரலும் குழுவினரும் 18 நெடுந்தூர ஓட்டக்காரர்களைச் சோதித்தார்கள். ரத்தத்தில் லாக்டேட் சேரத் தொடங்கும் வேகம் தெரிந்தால் 3.2 கிலோமீட்டர் முதல் முழு மாரத்தான் வரை ஒருவர் எப்படி ஓடுவார் என்பதைக் கணிக்கலாம் என்று கண்டார்கள். உடல் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறது என்ற பழைய அளவுகோலைவிட இது நன்றாகவே பேசியது.

4 மில்லிமோல் ஒரு சராசரி எண், அவ்வளவுதான். மட்டம் நிலைத்து நிற்கும் அதிகபட்ச அளவு ஒருவருக்கு 2 ஆகவும் இன்னொருவருக்கு 8 ஆகவும்கூட இருக்கலாம். இதே குறை இதயத் துடிப்புக் கணக்கிலும் உண்டு. உச்சத் துடிப்பில் 88 முதல் 92 சதவீதம் வரை திரெஷோல்டு என்பார் டேனியல்ஸ். ஆனால் உச்சத் துடிப்பையே பலரும் 220-இலிருந்து வயதைக் கழித்து எடுக்கிறார்கள். அந்தச் சூத்திரத்தில் பத்துப் பன்னிரண்டு துடிப்பு இப்படியோ அப்படியோ தவறுவது சகஜம். நாற்பது வயதுக்காரருக்குச் சூத்திரம் 180 என்று சொல்லும். உண்மையில் அவருக்கு 168 இருக்கலாம், 192-ம் இருக்கலாம். கைக்கடிகாரம் காட்டும் வண்ணப்பட்டைகளை நம்பி ஓடுகிறவர்களில் எத்தனையோ பேர் இந்தத் தப்புக் கணக்கின் மேல்தான் ஓடுகிறார்கள்.

இதைவிட உருப்படியான வழி ஒன்று உண்டு. பதினைந்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, தனியாக, சமதளத்தில், 30 நிமிடம் முடிந்தவரை சீராக வேகமாக ஓட வேண்டும். முதல் 10 நிமிடத்தை விட்டுவிட்டு, கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்பைக் குறித்துக்கொண்டால் அது திரெஷோல்டுக்கு மிக அருகில் வரும். அமெரிக்கப் பயிற்சியாளர் ஜோ ஃபிரீல் பரவலாக்கிய சோதனை இது. கருவியே வேண்டாம் என்பவர்களுக்குப் பேச்சே அளவுகோல். “இன்னும் ரெண்டு ரவுண்டு போயிட்டு டீ குடிக்கலாமுங்களா?” என்று மூச்சு விடாமல் கேட்க முடிந்தால் வேகம் போதாது. “போலாமுங்க” என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் சரியான இடம். தலையை மட்டும் ஆட்ட முடிகிறது என்றால் வரம்பு தாண்டியாகிவிட்டது.

இனி, அந்த வேகத்தில் ஓடுவதால் உள்ளே என்ன மாறுகிறது என்று பார்க்கலாம். சாவகாசமான ஓட்டத்தில் மெதுவாகச் சுருங்கும் நார்கள்தான் பெரும்பாலான வேலையைச் செய்கின்றன. திரெஷோல்டில் வேகமாகச் சுருங்கும் நார்களில் ஒரு பகுதியும் இழுத்துக்கொண்டு வரப்படுகிறது. லாக்டேட்டை அதிகம் உண்டாக்குபவை அவைதான். அவற்றுக்கே ஆக்சிஜனைக் கொண்டு எரிக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுப்பதுதான் இந்தப் பயிற்சியின் சாரம். நார்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது. பயிற்சி கொடுத்த எலிகளின் தசையில் அதன் செயல்திறன் இரண்டு மடங்காவதை ஜான் ஹாலோஸி 1967-லேயே காட்டியிருக்கிறார். நார்களைச் சுற்றி ரத்த நுண்குழாய்கள் அடர்கின்றன. லாக்டேட்டை ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குக் கடத்தும் புரதங்கள் கூடுகின்றன. மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தவருக்கு முன்பு மூச்சு வாங்கிய வேகத்தில் இப்போது வாய் திறந்து பேச முடிகிறது.

கெடுப்பது எது என்றால், ஆர்வம். இருபது நிமிட டெம்போவில் முதல் ஐந்து நிமிடம் எல்லோருக்கும் சுலபமாகவே தெரியும். பக்கத்தில் ஒருவர் முந்தினால் கால் தானாக நீளும். கிலோமீட்டருக்குப் பத்து வினாடி கூட்டினால் பயிற்சியும் பத்து வினாடி அளவுக்குக் கூடுதலாகப் பலன் தரும் என்று தோன்றும். உடல் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. வரம்புக்குக் கீழே நிற்கும்போது இருபது, முப்பது, நாற்பது நிமிடம் வேலை வாங்கலாம். மறுநாளே சாதாரணமாக ஓடலாம். வரம்பைத் தாண்டினால் ஓட்டம் சீக்கிரமே சிதைந்துவிடும், களைப்பு தீர இரண்டு மூன்று நாள் ஆகும். மொத்தத்தில் அந்த நார்கள் வேலை செய்த நேரம் குறைந்துபோகிறது.

நார்வேக்காரர்கள் இந்த அடக்கத்தைத்தான் ஒரு முறையாகவே ஆக்கிவிட்டார்கள். மருத்துவரும் 5,000 மீட்டர் ஓட்டக்காரருமான மாரியஸ் பாக்கன் தன் காதுமடலிலிருந்தும் விரல்நுனியிலிருந்தும் சொட்டு ரத்தம் எடுத்து ஆயிரக்கணக்கான முறை லாக்டேட்டை அளந்து பார்த்தார். பலரும் பயிற்சியில் தேவைக்கு மேல் வேகமாக ஓடுகிறார்கள் என்பது அவர் கண்ட முடிவு. அளவை 3 மில்லிமோலை ஒட்டி, பெரும்பாலும் அதற்குக் கீழே வைத்துக்கொண்டு, ஒரே நாளில் காலையும் மாலையும் இரண்டு திரெஷோல்டு பயிற்சி செய்வது அவர் முறை. அந்த வழியில் வளர்ந்த யாகோப் இங்கெபிரிக்ட்சன் டோக்கியோ ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கம் வென்றார். மூன்றே முக்கால் சுற்று ஓடும் போட்டிக்கு இவ்வளவு நிதானமான பயிற்சியா என்று ஓட்ட உலகம் வியந்தது. அலுவலகம் போய்க்கொண்டு வாரம் நாற்பது கிலோமீட்டர் ஓடுகிறவர்கள் இரட்டைத் திரெஷோல்டைப் பின்பற்ற வேண்டாம். அதன் பின்னால் வாரத்துக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் தாங்கும் கால்கள் இருக்கின்றன.

கொங்கு மண்ணில் ஓடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் சேர்கிறது: இங்கே திரெஷோல்டு வேகம் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். கோடையில் வானிலை அறிக்கையின் உச்ச வெப்பப் பட்டியலில் கரூர் பரமத்தி, ஈரோடு, சேலம் பெயர்கள் தவறாமல் வரும். வெயிலில் தோலைக் குளிர்விக்க ரத்தத்தின் ஒரு பங்கு வெளிப்புறமாகப் போகிறது, வியர்வையில் ரத்தத்தின் நீர்ப்பங்கு குறைகிறது. அதே வேகத்தை இழுக்க இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. ஜனவரியில் கோவையில் 5:06-ல் ஓடியவர் ஏப்ரலில் ஈரோட்டில் அதே 5:06-ஐப் பிடித்தால் அது டெம்போ ஆகாது, போட்டியாகிவிடும். அங்கே கடிகாரத்தின் வேகத்தை மறந்து மூச்சைக் கேட்டு ஓடுவதே சரி. கிலோமீட்டருக்குப் பதினைந்து வினாடி குறைந்தாலும் பயிற்சி குறைந்துவிடாது.

தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று வேறு. உடுமலையிலும் பல்லடத்திலும் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று அது. அந்த மாதங்களில் பேரூர் சாலையில் மேற்கே போகும்போது வேகம் விழும். திரும்பி வரும்போது தள்ளிக்கொண்டு வரும். போக்கிலும் வரவிலும் ஒரே வேகத்தைக் காட்ட முயன்றால் போகும்போதே வரம்பு உடைந்துவிடும். முயற்சியைச் சமமாக வைத்தால் போதும், கடிகாரம் எதையாவது காட்டிவிட்டுப் போகட்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாறுதல் மலையேறினால் வருகிறது. கோவை கடல்மட்டத்திலிருந்து 411 மீட்டர். உதகை 2,240 மீட்டர். உதகையில் நுரையீரலுக்குள் போகும் ஆக்சிஜனின் அழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு. இந்தியாவின் நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பலர் தேசிய முகாமுக்கு நீலகிரிக்கு வந்தது இதற்காகத்தான். பெலாரஸ் நாட்டுப் பயிற்சியாளர் நிகோலாய் ஸ்னெசரேவின் கீழ் ஓ.பி. ஜெய்ஷா, லலிதா பாபர், சுதா சிங் ஆகியோர் ஊட்டியில் பயிற்சி செய்தார்கள். வயநாட்டுப் பெண்ணான ஜெய்ஷா 2015 பெய்ஜிங் உலகப் போட்டியில் மாரத்தானை 2 மணி 34 நிமிடம் 43 வினாடியில் முடித்துத் தேசியச் சாதனை படைத்தார். லலிதா 2016 ரியோ ஒலிம்பிக்கின் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் இறுதிப் போட்டிக்குப் போனார். தகுதிச் சுற்றில் அவர் ஓடிய 9 நிமிடம் 19.76 வினாடியும் அன்று தேசியச் சாதனை.

ஜெய்ஷாவின் அந்த மாரத்தான் கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 40 வினாடி வேகம். இரண்டரை மணி நேரம் இழுக்க வேண்டிய தூரம் என்பதால் மாரத்தான் வேகம் எப்போதும் திரெஷோல்டுக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கும். வரம்பை மேலே தள்ளினால் அதன் கீழே நிற்கும் வேகமும் கூடவே ஏறும். நெடுந்தூரப் பயிற்சியில் இதற்கு இவ்வளவு இடம் கொடுப்பதன் காரணம் அதுவே. மலையில் இருப்பதால் சிவப்பணுக்கள் கூடும் என்பது உண்மை. ஆனால் அங்கே சமவெளி வேகத்தில் டெம்போ ஓட முடியாது. வரம்பு கீழே இறங்கிவிடுகிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் பெஞ்சமின் லெவைனும் ஜேம்ஸ் ஸ்ட்ரே-கண்டர்சனும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில் 2,500 மீட்டர் உயரத்தில் தங்கி, 1,250 மீட்டருக்கு இறங்கிப் பயிற்சி செய்தவர்களே அதிகம் முன்னேறினார்கள். மேலே தூங்கி, கீழே ஓடு என்பது அந்தப் பாடம். மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரம். மலை ரயில் பாதையில் உதகைக்கு 46 கிலோமீட்டர்தான். குல்வீர் சிங் அமெரிக்காவுக்குப் போய்ப் பயிற்சி எடுத்த கொலராடோ ஸ்பிரிங்ஸ் சுமார் 1,840 மீட்டர். குன்னூர் பக்கத்து வெலிங்டனும் ஏறக்குறைய அதே உயரம்தான். இவ்வளவு அருகில் இப்படி ஓர் ஏற்ற இறக்கத்தை வைத்திருக்கும் இந்தப் பகுதி, நெடுந்தூர ஓட்டத்துக்கு இன்னும் பெரிதாகப் பயன்பட வேண்டும்.

சனிக்கிழமை ஊட்டிக்குப் போய் ஞாயிறு காலை அங்கே டெம்போ ஓடிப் பார்க்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒருநாள் உயரத்தால் சிவப்பணு கூடாது. அதற்கு வாரக்கணக்கில் தங்க வேண்டும். ஏரியைச் சுற்றி மெதுவாக ஓடிவிட்டு வருவதே நல்லது.

கோயம்புத்தூர் புற்றுநோய் அறக்கட்டளையின் முயற்சியில் 2013-ல் தொடங்கிய கோயம்புத்தூர் மாரத்தானில் நீளமான பிரிவு 21.1 கிலோமீட்டர். பத்து கிலோமீட்டரை 50 நிமிடத்தில் ஓடுகிறவர் அதை 1 மணி 51 நிமிடத்தில் முடிக்கலாம் என்கிறது டேனியல்ஸ் அட்டவணை. கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 16 வினாடி. திரெஷோல்டு வேகத்தைவிடப் பத்தே வினாடி குறைவு. வேறெந்தப் பிரபலமான தூரத்தையும்விட ஹாஃப் மாரத்தானுக்கு இந்தப் பயிற்சி பொருந்துவது இந்த நெருக்கத்தால்தான்.

வாரத்துக்கு ஒருமுறை போதும். வாரம் ஓடும் மொத்த தூரத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் ஒரே திரெஷோல்டு பயிற்சியில் வைக்கக் கூடாது என்பது டேனியல்ஸ் விதி. வாரம் 40 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அது 4 கிலோமீட்டர், 5:06 வேகத்தில் இருபது நிமிடம் சொச்சம். புதிதாகத் தொடங்குபவர் இருபது நிமிடத்தையும் ஒரேயடியாக எடுக்க வேண்டியதில்லை. ஐந்து நிமிட ஓட்டம், ஒரு நிமிட மெதுவோட்டம் என்று நான்கு முறை ஓடலாம். சில வாரத்தில் இரண்டு பத்து நிமிடங்கள், பிறகு ஒரே இருபது. இளைப்பாறும் அந்த ஒரு நிமிடத்தில் லாக்டேட் அளவு பெரிதாக இறங்காது, மனம்தான் இறங்கிக்கொள்கிறது. மற்ற நாட்கள் உண்மையிலேயே மெதுவாக இருக்க வேண்டும். சர்வதேச ஓட்டக்காரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர், அவர்களுடைய பயிற்சியில் ஏறக்குறைய எண்பது சதவீதம் சாவகாசமான ஓட்டம் என்று கண்டார். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் இதைத் தொடங்குமுன் மருத்துவரிடம் காட்டி, தேவைப்பட்டால் டிரெட்மில் சோதனை செய்துகொள்வது அவசியம்.

டிசம்பர்ப் போட்டிக்குச் செப்டம்பரில் தொடங்கினால் பன்னிரண்டு வாரம் தாராளமாகக் கிடைக்கும். அந்த மாதங்களில் காற்றும் தணிந்திருக்கும். ஐப்பசி மழைதான் சில காலைகளைத் தின்னும். கடைசி முழு டெம்போவைப் போட்டிக்குப் பத்து நாள் முன்னதாக முடித்துவிட வேண்டும். போட்டி வாரத்தில் ஐந்து நிமிடத் துண்டு இரண்டு மட்டும், கால் அந்த வேகத்தை மறக்காமல் இருப்பதற்காக. போட்டி நாளில் முதல் மூன்று கிலோமீட்டரைத் திரெஷோல்டை விடப் பதினைந்து வினாடி மெதுவாகத் தொடங்கி, பதினாறாவது கிலோமீட்டர் வரை ஒற்றைச் சொல் பேசும் நிலையைக் காப்பாற்ற வேண்டும். மீதி ஐந்து கிலோமீட்டரில் வரம்பைத் தாண்டலாம். ஏறுகிற மட்டம் முட்டுவதற்குள் கோடு வந்துவிடும்.